ஏலக்காய் மென்ற ஒன்பது நாட்கள்

"ஊதுங்க" என்றாள் கோமதி.

வலியசாலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்கட்டு வாசல் அது. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். மழை விட்டிருந்தது, ஓட்டிலிருந்து ஒவ்வொரு சொட்டாக என் பிடரியில் விழுந்துகொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே குனிந்து, வாயைத் திறந்து, என் மனைவியின் மூக்குக்கு நேராக ஊதினேன்.

மூன்று வருஷமாக நடந்துவந்த சடங்கு இது. வேலையிலிருந்து வந்ததும் ஊதுவேன். அவள் மூக்கைச் சுளித்து, "ம், சிகரெட்டுதான், வாங்க" என்று வழிவிடுவாள்.

அன்று மூக்கைச் சுளிக்கவில்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். ஊதினேன். அவள் முகம் அப்படியே இறங்கிப் போயிற்று.

"ஏலக்காய்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்பது நாள் நாகர்கோவிலில் அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு அன்று மதியம்தான் வந்திருந்தாள். கொண்டுவந்த பை சுவரோரமாக, ஜிப்பு மூடியபடியே இருந்தது. நான் ஏலக்காய்த் தோலைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று நான் குடித்திருக்கவில்லை. சிகரெட்டும் பிடித்திருக்கவில்லை. மீசை முளைத்த பிறகு அவ்வளவு சுத்தமான வாயோடு நான் எந்தப் பெண் முன்னாலும் நின்றதே கிடையாது.

மகானின் மறுபக்கம்

போன வாரம் இதே பக்கத்தில் நான் எழுதிய, குடியை விட்ட கதையைப் படித்துவிட்டு நிறையப் பேர் உருகி உருகிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரு அன்பர் என்னை மகான் என்றே எழுதிவிட்டார். இதை இப்படியே விட்டால் அடுத்த கடிதத்தில் விபூதி கேட்பார்கள். அதனால் குடியை விட்ட பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிகரெட் பிடித்தேன்.

போன வாரம் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. தொண்ணூறுகளின் பின்பாதி. பழவங்காடிப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் நான் பட்டுச்சேலை செக்‌ஷனில் நின்றேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கேரளத்துக்குப் பிழைக்க வந்தவன். பகலெல்லாம் கல்யாணப் பெண்களுக்குச் சேலை விரித்துக் காட்டிவிட்டுச் சாயங்காலமானால் பாருக்குப் போய்விடுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் எனக்காகக் காத்திருக்க ஒரே ஒரு ஆள்தான். அந்த ஒரு ஆளையும் வருஷக்கணக்காகக் காக்க வைத்தேன்.

ஒருநாள் கோமதி பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டு மாதம். அப்புறம் திரும்பி வந்தபோது இரண்டு நிபந்தனை போட்டாள். ஒன்று, இனி ஒரு சொட்டுக் குடித்தாலும் நாகர்கோவில்தான். அதற்குமேல் கூப்பிட வரவேண்டாம். இரண்டு, வாயில் எதையும் போட்டு மறைக்கக் கூடாது. என்ன நாற்றமோ அது அப்படியே வீட்டுக்கு வரவேண்டும்.

இரண்டாவது நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. குடிக்கிற காலத்தில் வீட்டுக்குப் போகுமுன் நான் இரண்டு கொய்யா இலை மெல்லுவேன். அதன்மேல் நாலு ஏலக்காய். அதற்கும் மேலே ஒரு சிகரெட். நான் தெருவில் நுழைந்தால் யாரோ பாயசம் இறக்கி வைத்தது மாதிரி இருக்கும். இதனால் ஒரே ஒரு பலன்தான் கிடைத்தது. என்னிடம் ஏலக்காய் மணந்தால் நான் குடித்திருக்கிறேன் என்று தெரு முழுவதும் தெரிந்துகொண்டது.

தேங்காய்க்காரர்

அதற்கு முன்னாலும் நான் குடியை விட்டிருக்கிறேன். பலமுறை. ஒவ்வொரு முறையும் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் ஒரு தேங்காய் உடைத்துச் சத்தியம் பண்ணுவேன். அங்கே தேங்காய் உடைப்பதுதான் பெரிய வழிபாடு. நினைத்த காரியம் நடக்க ஊரே வந்து உடைக்கும். கடைசியில் வெளியே தேங்காய் விற்கிறவருக்கு என் முகம் மனப்பாடமாகிவிட்டது. தூரத்தில் பார்த்ததுமே ஒரு தேங்காயை எடுத்துத் தட்டிப் பார்த்தபடி, "அண்ணாச்சி, பின்னேயும் நிறுத்தியோ?" என்று கேட்பார். மறுபடியும் விட்டாச்சா என்று அர்த்தம். பிள்ளையாரும் அதையேதான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது ஸ்டீபன் சேட்டன். விழிஞ்ஞத்துக்காரர், படகு என்ஜின் மெக்கானிக். குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடி மனம்விட்டுப் பேசுவோம். அவர்தான் அதற்குப் பெரியவர். சின்ன பெஞ்சுகளில் பெரிய ஆண்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து அழுவோம். அழுகைக்கு நடுவில் பால் விடாத கட்டன் சாயா. சாயாவுக்கு நடுவில் சிகரெட். பத்து மணிக்கு மேல் அந்த அறையில் கரும்பலகை தெரியாது.

"வயத்துல போன விஷம் நின்னா, நெஞ்சுக்குக் கொஞ்சம் போகும் மோனே. ஒந்நு ஒந்நாயிட்டுத்தான் விடணும், கேட்டோ?" என்பார் ஸ்டீபன் சேட்டன், ஒரு சிகரெட் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்றவைத்தபடி.

எனக்கு இந்த உபதேசம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. குடிக்கிற காலத்தில் நாளைக்கு எட்டோ பத்தோ பிடித்தவன், விட்ட பிறகு முப்பதைத் தொட்டேன். பாருக்குப் போகிற நேரம் முழுக்கக் கையில் சும்மா இருந்தது. அதை எதனால் நிரப்புவது? கோமதிக்கும் அதில் சந்தோஷம்தான். காலையில் நான் கிளம்பும்போது, "குடை எடுத்தாச்சா, சோறு எடுத்தாச்சா, தீப்பெட்டி எடுத்தாச்சா" என்று கேட்டு அனுப்புவாள். வெறும் சிகரெட் நாற்றத்தோடு புருஷன் வந்தால் அவளுக்கு அன்றைய நாள் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.

முன்கட்டில் இருந்த வீட்டுக்காரி, பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற மாமி மட்டும்தான் முணுமுணுப்பாள். "கோமதி, உங்காத்துக்காரர் வந்துண்டிருக்கார். தெருமுனைலயே நாறறது" என்று குரல் கொடுப்பாள். கோமதி அடுப்பில் காப்பிக்கு வைப்பாள்.

பட்டிலிருந்து கைலிக்கு

இந்த ஆனந்தத்துக்கு நடுவில்தான் பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கேரளத்தில் அது முதலிலேயே வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் பற்றவைத்தால் போலீஸ் பிடிக்கும். ஊர் முழுக்க ஆண்கள் பள்ளிக்கூடப் பையன்களைப் போல ஒளிந்து பிடிக்க ஆரம்பித்தார்கள்.

நான் கடையின் பின்பக்க மாடிப்படிக்குக் கீழே, காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்வேன். நெருப்பு வெளியே தெரியாமலிருக்க சிகரெட்டை உள்ளங்கைக்குள் கவிழ்த்துப் பிடிப்பேன். அதில் ஒரு சங்கடம். புகை எல்லாம் உள்ளங்கையில் ஊறிவிடும். சோப்புப் போட்டாலும் போகாது.

ஒருநாள் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்தார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டு. விரித்து, மடித்து, கொசுவம் வைத்து, என் தோளிலேயே போட்டுக் காட்டினேன். அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. ஆசையாக எடுத்து முகத்தோடு வைத்துப் பார்த்தவர், சட்டென்று கீழே போட்டார்.

"அய்யே! இது முழுவனும் சிகரெட்டு மணக்குந்நு."

முதலாளி கத்தவில்லை. "ஆறுமுகம், நாளை முதல் மேலே கைலி செக்‌ஷன் மதி" என்றார். கைலி செக்‌ஷன் போதும் என்று அர்த்தம். பட்டு செக்‌ஷனில் பதினோரு வருஷம் நின்றவனுக்கு அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம். கைலி வாங்க வருகிறவன் விரித்துக்கூடப் பார்க்க மாட்டான். கட்டம் போட்டதா என்று கேட்பான், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவான்.

அதைவிடப் பெரிய விஷயம் படி. கைலி செக்‌ஷன் இரண்டாம் மாடி. பாதிப் படியிலேயே எனக்கு மூச்சு முட்டியது. பண்டலைச் சரிபார்ப்பது மாதிரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நெஞ்சுக்குள் யாரோ பழைய கதவைத் திறந்து மூடுவது போல ஒரு சத்தம் கேட்கும். எனக்குப் பயம் வந்துவிட்டது. எட்டு மாதம் கழித்து எனக்காகத் திரும்பி வந்தவளை, ஒரேயடியாகத் தனியே விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்ற பயம்.

அந்த வாரம்தான் கோமதி அண்ணன் மகளின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக நாகர்கோவில் போனாள். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது முடிவு செய்தேன். அவள் வருவதற்குள் சிகரெட்டை விட்டுவிட வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. தேங்காய் உடைக்கக் கூடாது. அவள் வந்து "ஊதுங்க" என்று சொல்லும்போது அப்படியே ஆச்சரியப்படுத்த வேண்டும்.

ஆச்சரியப்படுத்தினேன்தான்.

நல்லவனாவதில் உள்ள சிக்கல்

சிகரெட்டை விடுகிறவனுக்கு வாய் ஒரு பகையாளி. அதற்கு ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கை தானாகப் பழைய இடத்துக்கே போயிற்று. சட்டைப்பையில் ஒரு பிடி ஏலக்காய். கோமதியின் இரண்டாவது நிபந்தனை குடிக்குத்தானே, சிகரெட்டுக்கு இல்லையே என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கை நடுங்க ஆரம்பித்தது. மாமி ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். வாங்கும்போது அது கீழே விழுந்து உருண்டது. "என்ன ஆறுமுகம், உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். "ஒங்க வேலையப் பாருங்க மாமி" என்று கத்திவிட்டேன். அந்த மாமியிடம் நான் குரலை உயர்த்தியது அதுவரை குடித்திருந்தபோது மட்டும்தான்.

அடுத்து, சசியின் முறுக்கான் கடை. வெற்றிலை, பாக்கு, சிகரெட், சோடா விற்கிற சின்னப் பெட்டிக்கடைக்கு இங்கே அதுதான் பெயர். சசி என்னைக் கண்டதும் கேட்காமலே ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டுவான். அவன் கண்ணில் படாமலிருக்க வேறு சந்து வழியாக வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அந்தச் சந்தில்தான் என் பழைய பார் இருந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. என் பயமெல்லாம் சசியைப் பற்றித்தான். தினமும் நான் அந்தச் சந்துக்குள் திரும்புவதை அவன் கடையிலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டத்துக்குப் போனால் அந்தப் புகையில் ஐந்து நிமிஷம்கூடத் தாங்கமாட்டேன் என்று தெரியும். போகவில்லை. பதினோரு மணிக்கு ஸ்டீபன் சேட்டன் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் தலைவலியில் சுருண்டு படுத்திருந்தேன். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் ஏலக்காய்த் தோல் குவிந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பேசாமல் போய்விட்டார். எவ்வளவு நல்ல மனுஷர், தொந்தரவு செய்யாமல் போகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பது வருஷமாகக் கெட்டதை மட்டுமே மறைத்துப் பழகியவன் நான். நல்லதை எப்படி மறைப்பது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கோமதி வருகிறாள் என்று உற்சாகமாக வீட்டுக்குக் கிளம்பினேன். நல்ல மணமாகவே இருக்கட்டும் என்று தெருமுனையில் நின்று இரண்டு ஏலக்காயைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

பின்கட்டில் விசாரணை

நான் உள்ளே போனபோது கோமதி பைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கோமதி, நான் குடிக்கல. சிகரெட்டை விட்டுட்டேன். அதான் ஏலக்காய்."

"செரி."

"சத்தியமா."

"சத்தியம் நெறைய பண்ணியாச்சே" என்றாள். "மாமி சொல்லியாச்சு. சசி சொல்லியாச்சு. நான்தான் நம்பாம, நீங்க வந்ததும் ஊதச் சொல்லிப் பாப்போம்னு இருந்தேன்."

அதற்குள், மாமி மதியமே போன் பண்ணி வரவழைத்திருந்த ஸ்டீபன் சேட்டன் மாமியோடு உள்ளே வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"மோனே, ஞானும் குடிச்சவனா. இந்தக் கதை ஞானும் பறஞ்சிட்டுண்டு. தாழ விழுந்தா நாணக்கேடு இல்ல. எழும்பணும். அத்ரதான்."

"சேட்டா, நான் விழவே இல்ல!"

"எல்லாரும் அங்ஙனதான் பறயும்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. புறவாசலுக்குப் போய், தொட்டித் தண்ணீரில் மூன்று முறை வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தேன். "இப்ப ஊதுதேன். யார் வேணும்னாலும் மோந்து பாருங்க" என்று ஸ்டீபன் சேட்டன் முகத்துக்கு நேரே ஊதினேன்.

அவர் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். பிறகு வருத்தமாகச் சொன்னார்: "எனக்கு மூக்கு போயிட்டுப் பத்து வருஷமாயி. சிகரெட்டு வலிச்சு வலிச்சுப் போயி."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மாமியைத் திரும்பிப் பார்த்தோம். அந்த வீட்டில் சரியான மூக்கு அவளுக்குத்தான். தெருமுனையிலேயே கண்டுபிடிக்கிற மூக்கு. மாமி, "ராமா ராமா" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கிணற்றை எட்டிப் பார்ப்பவள் போல முன்னால் குனிந்தாள். நான் ஊதினேன்.

"ஒண்ணும் இல்லைடி, கோமதி" என்றாள் நிமிர்ந்து. அவள் குரலிலேயே ஆச்சரியம் இருந்தது. "வெறும் வாய். பச்சைத் தண்ணிதான். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

ஜெயித்துவிட்டேன் என்று கோமதியைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து, அவளாகவே என் முகத்தருகில் முகத்தை வைத்து, நான் ஊதாமலே மோந்து பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"எனக்கு இந்த வாயைத் தெரியாது" என்றாள்.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். முதலில் சிகரெட், பிறகு சாராயம், பிறகு ஏலக்காய், பிறகு மறுபடி சிகரெட். என் சொந்த மூச்சை அவள் ஒருநாளும் அறிந்ததில்லை. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி முன்னால் அழக்கூடாது என்று அண்ணாந்து கூரையைப் பார்த்தேன்.

கோமதி ஸ்டீபன் சேட்டனிடம் கையை நீட்டினாள். "அண்ணே, ஒரு சிகரெட்டு தாங்க."

வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"இழுங்க."

"கோமதி, ஒம்பது நாள் ஆச்சு. கஷ்டப்பட்டு…"

"மூணு வருஷமா அந்த நாத்தத்தை மோந்துட்டுத்தான் நான் நிம்மதியா தூங்குதேன். பொறவு விடுங்க. நாளைக்கே விடுங்க. ஆனா எங்கிட்ட சொல்லிட்டு விடுங்க. இன்னிக்கு எனக்குப் பயமா இருக்கு."

ஸ்டீபன் சேட்டன் எழுந்து தீக்குச்சியைக் கிழித்தார். ஊர் உலகத்தில் பெண்டாட்டி பேச்சைக் கேட்டு சிகரெட்டை விட்டவர்கள் உண்டு. பெண்டாட்டி பேச்சைக் கேட்டு சிகரெட் பிடித்தவன் நானாகத்தான் இருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் இழுப்பில் தலை கிறுகிறுத்தது. அவ்வளவு ருசியான சிகரெட்டை நான் வாழ்க்கையில் பிடித்ததில்லை.

முடித்ததும் ஊதினேன். கோமதி மூக்கைச் சுளித்தாள். "ம், சிகரெட்டுதான்" என்றாள். அப்புறம்தான் பையின் ஜிப்பைத் திறந்து, நாகர்கோவிலிலிருந்து எனக்காகக் கொண்டுவந்த மட்டிப்பழச் சீப்பை வெளியே எடுத்தாள். மாமிக்கு நாலு பழம், ஸ்டீபன் சேட்டனுக்கு நாலு பழம்.

சொல்லிவிட்டு விட்டது

அதன்பிறகு நான் சிகரெட்டை விட ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இந்த முறை கோமதியிடம் சொல்லிவிட்டு விட்டேன். பாக்கெட் அவள் கையில் இருந்தது. முப்பது இருபதாயிற்று, இருபது பத்தாயிற்று. பத்திலேயே பல மாதம் நொண்டினேன். ஏலக்காய் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று சட்டம். ஓணத்துக்கு மாமி கொடுத்த பாயசத்தில்கூட எனக்குப் பங்கு இல்லை. கடைசி சிகரெட்டை நான் பிடித்தது எந்த நாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கோமதிக்குத் தெரியும்.

ஊதுவது மட்டும் நிற்கவில்லை. தினமும் வாசலில் குனிவேன், ஊதுவேன். ஆரம்பத்தில் தெரியாத ஊர் பஸ்ஸில் போர்டு படிக்கிறவளைப் போல நெற்றியைச் சுருக்கி மோந்து பார்ப்பாள். போகப் போக "ம்" என்று மட்டும் சொல்லி வழிவிட்டாள். நாள் முழுக்க எனக்குப் பிடித்த நிமிஷம் அதுதான் என்பதை நான் அவளிடம் சொன்னதில்லை.

ஒருநாள் சாயங்காலம் வந்தேன். அதற்குள் என்னை மறுபடி பட்டு செக்‌ஷனுக்கே மாற்றியிருந்தார்கள். செருப்பைக் கழற்றுமுன் குனிந்து வாயைத் திறந்தேன். எதிரில் ஆளைக் காணோம். அடுக்களையில் தோசைக்கல் சீறுகிற சத்தம்.

"வந்தாச்சா? அங்கனயே நிக்காதீங்க. கதவைச் சாத்திட்டு வாங்க, கொசு வருது."

நான் திறந்த வாயோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு கதவைச் சாத்தினேன். அடுக்களைக்குப் போய், அவள் கேட்காமலே, அவள் முகத்துக்கு நேரே குனிந்து ஊதினேன்.

மாவுக் கையால் என் முகத்தைத் தள்ளிவிட்டாள்.

"போங்க அங்கிட்டு. எனக்குத் தெரியும்" என்றாள்.